கர்ப்ப கால முதுகுவலி: கைரோபிராக்டரிடம் போகலாமா?

"மாசமாக இருந்தால் முதுகு வலிக்கத்தான் செய்யும், பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும்." இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, சில கணக்குகளில் அதற்கும் மேல், முதுகிலோ இடுப்பிலோ வலி வருகிறது என்பது உண்மைதான். ஆனால் எல்லாருக்கும் வருகிறது என்பதற்காக ஒருத்தி ராத்திரியெல்லாம் புரள முடியாமல், படியேற முடியாமல், செருப்பு மாட்டக் குனிய முடியாமல் மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை.

எனக்கு இரண்டாவது கர்ப்பத்தில் வலி வந்தது நடு முதுகில் இல்லை, இடுப்புக்குக் கீழே, பின்பக்கம் குழி விழும் இடத்தில், ஒரு பக்கமாக. இந்த வித்தியாசத்தைக் கவனித்துவைத்துக்கொள்வது நல்லது. ரொம்ப நேரம் நின்றால், உட்கார்ந்தால் வரும் கீழ்முதுகு வலி ஒன்று. படுக்கையில் புரளும்போதும் ஒற்றைக் காலில் நிற்கும்போதும் காரிலிருந்து இறங்கும்போதும் சுருக்கென்று வரும் இடுப்பு வளைய வலி வேறொன்று. இரண்டாவது சிலருக்கு முன்பக்கம், அந்தரங்க உறுப்புக்கு மேலே இருக்கும் எலும்பு இணைப்பிலும் வரும். அந்த இணைப்பில் சாதாரணமாகவே சில மில்லிமீட்டர் இடைவெளி உண்டு, கர்ப்பத்தில் அது இன்னும் கொஞ்சம் விரியும். ரிலாக்ஸின் என்ற ஹார்மோன் முதல் மூன்று மாதங்களிலேயே ஏறத் தொடங்கி மூட்டுகளைக் கட்டிப்பிடித்திருக்கும் தசைநார்களை இளக்குகிறது. போகப்போக வயிற்றின் பாரம் முன்னால் தள்ள, வயிற்றுத் தசையும் நீண்டு பலம் இழக்க, முதுகும் புட்டத் தசையும் கூடுதலாக உழைக்க வேண்டி வருகிறது. வலிக்குப் பெரும்பாலும் இவையெல்லாம் சேர்ந்துதான் காரணம், ஹார்மோன் ஒன்றின் மேல் மட்டும் பழி போட முடியாது.

சரி, கைரோபிராக்டிக், அதாவது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி, அசைத்து வலியைத் தணிக்கப் பார்க்கும் முறை. என் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் போனேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்று அழுத்தியே சொல்வேன், ஏனென்றால் உங்கள் நஞ்சுக்கொடி கருப்பையில் எங்கே இருக்கிறது, ரத்த அழுத்தம் எப்படி, குறைப்பிரசவ அபாயம் உண்டா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நல்ல கைரோபிராக்டர் என்றால் முதல் நாள் முக்கால்வாசி நேரம் கேள்வி கேட்பதிலேயே போகும்: எத்தனையாவது வாரம், ரத்தப்போக்கு இருந்ததா, கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா. எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல மாட்டார். குப்புறப் படுக்கச் சொன்னால் வயிற்றுக்கு இடம் விட்ட மேசையோ தலையணையோ இருக்கும், இல்லையென்றால் பக்கவாட்டில் படுக்க வைத்தே வேலை செய்வார். மேசையின் ஒரு பகுதி லேசாகக் கீழே இறங்கும்படி வைத்து மெதுவாக அழுத்துவது, புட்டத்திலும் தொடையிலும் இறுகிய தசையை விரலால் இளக்குவது, இவ்வளவுதான் எனக்கு நடந்தது. சொடக்கு எடுப்பதுபோல் 'டக்' என்று சத்தம் வந்தால் எலும்பு விலகியிருந்து உள்ளே போய்ப் பொருந்திவிட்டது என்று அர்த்தம் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் மாறுவதால் வரும் சத்தம் அது. சத்தம் வராவிட்டாலும் ஒன்றும் குறையில்லை.

பலன் இருந்ததா? இருந்தது. மேசையிலிருந்து இறங்கியதும் லேசாக இருந்தது, ஓரிரு நாள் தூக்கம் நன்றாக வந்தது, அப்புறம் வலி மெல்லத் திரும்பியது. எனக்கு இதில் ஏமாற்றமே இல்லை, கையால் அழுத்திச் செய்யும் சிகிச்சையின் வேலை அந்த அளவுதான் என்று நினைக்கிறேன். வலி தணிந்திருக்கும் அந்த இடைவெளியில் உடம்பை அசைத்துப் பலப்படுத்திக்கொண்டால்தான் அடுத்த வாரம் தாங்கும். ஆராய்ச்சி முடிவுகளும் ஏறத்தாழ இந்தப் பக்கம்தான் சாய்கின்றன. கர்ப்ப கால முதுகு, இடுப்பு வலி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மருத்துவ ஆதாரங்களை எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 2015இல் வெளியிட்ட மதிப்பாய்வு, உடற்பயிற்சி கீழ்முதுகு வலியைக் குறைக்கக்கூடும் என்றது, அதையும் ஆதாரம் வலுவாக இல்லை என்ற எச்சரிக்கையோடுதான் சொன்னது. கைரோபிராக்டிக்குக்குக் கையில் இருக்கும் ஆதாரம் அதைவிடக் குறைவு.

அதனால்தான் சில வாக்குறுதிகளைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள் என்கிறேன். 1895இல் அமெரிக்காவில் இந்த முறையைத் தொடங்கிய டி.டி. பால்மர், முதுகெலும்பு இடம் மாறுவதுதான் ஏறத்தாழ எல்லா நோய்க்கும் காரணம் என்று நம்பினார். இன்றும் அதையே பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வெப்ஸ்டர் முறை என்று ஒன்று உண்டு, இடுப்பின் பின்னெலும்பையும் அதைச் சுற்றிய தசைகளையும் இளக்குவது. இடுப்பு வலிக்கு அது இதமாக இருக்கலாம், ஆனால் கால் கீழாக இருக்கும் குழந்தையைத் திருப்பிவிடும் என்று சொன்னால் நம்பாதீர்கள், அதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. அந்த நிலைமைக்கு 37ஆவது வாரத்தை ஒட்டி மகப்பேறு மருத்துவரே வயிற்றின் மேல் கைவைத்துக் குழந்தையைத் திருப்பிப் பார்க்கும் முறை இருக்கிறது, ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது பலிக்கிறது, மருத்துவமனையில் குழந்தையின் இதயத்துடிப்பைக் கண்காணித்தபடி செய்வார்கள். பிரசவம் சுலபமாகும், நேரம் குறையும் என்று சொல்லி மொத்தமாகப் பல அமர்வுகளுக்கு முன்பணம் கேட்பவரிடமும் போக வேண்டாம். கழுத்தைத் திருகுவதை நான் மறுத்துவிட்டேன். அரிதாகத்தான் என்றாலும் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் உண்டு, இடுப்பு வலிக்குக் கழுத்தை ஏன் தொட வேண்டும்? எல்லா நாட்டிலும் இந்தத் தொழிலுக்குச் சட்டப்படியான பதிவு இல்லை. பயிற்சி பெற்ற கைரோபிராக்டர் கிடைக்காத இடத்தில், கர்ப்பிணிகளைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்ட்டே போதும், சொல்லப்போனால் எனக்குப் பயிற்சிகளைச் சரியாகக் கற்றுத் தந்தது அப்படிப்பட்ட ஒருவர்தான்.

உடற்பயிற்சி என்றதும் பயப்படுகிறவர்கள் நிறைய. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. ஒரே நாளில் இல்லை, பிரித்துத்தான். இதுவரை ஒன்றும் செய்யாதவர் பத்து நிமிட நடையில் தொடங்கலாம். மிதம் என்பதற்கு எளிய அளவுகோல்: பேச முடிய வேண்டும், பாட முடியாமல் மூச்சு வாங்க வேண்டும். நீச்சல் தெரிந்தவர்களுக்கு அதைப்போல் ஒன்று கிடையாது, மார்பளவு தண்ணீரில் நின்றாலே மூட்டின் மேல் விழும் பாரம் பெருமளவு குறைந்துவிடும். ஆனால் இடுப்பு வளைய வலி இருந்தால் கால்களை அகலமாக விரித்து உதைக்கும் நீச்சல் வேண்டாம், அகலக் கால் வைத்து உட்கார்ந்து எழுவதும் வேண்டாம்.

எனக்கு ரொம்ப உதவியது மார்ஜாரி ஆசனம். கை, முழங்கால் ஊன்றி, மூச்சை விட்டுக்கொண்டே முதுகை மேலே வளைத்து, பிறகு நேராக்குவது. கீழே தொய்ய விட வேண்டியதில்லை. அதே நிலையில் எதிரெதிர்க் கையும் காலும் நீட்டுவது, சுவரில் சாய்ந்து இடுப்பைச் சுவரோடு அழுத்துவது, பக்கவாட்டில் படுத்து முழங்கால் மடக்கி மேல் காலை மட்டும் கொஞ்சம் திறப்பது, இவையெல்லாம் புட்டத்தையும் அடிவயிற்றையும் உழைக்க வைக்கும். கடைசியாகச் சொன்னதில் வலி கூடினால் விட்டுவிடுங்கள். இடுப்புத்தளத் தசைப் பயிற்சி தினமும்: சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கிச் சில விநாடி வைத்திருந்து, முழுதாகத் தளர்த்த வேண்டும், தளர்த்துவதும் பயிற்சியில் பாதி. நிஜமாகச் சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்து பார்க்கக் கூடாது. ஐந்து மாதத்துக்கு மேல் மல்லாந்து படுத்து நீண்ட நேரம் பயிற்சி வேண்டாம், கருப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றல் வரலாம்.

புரள்வதற்கு ஒரு வழி இருக்கிறது, இதை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். முழங்கால்களை மடக்கி ஒன்றோடொன்று சேர்த்து, மூச்சை விட்டபடி, தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். காரிலிருந்து இறங்கும்போதும் முழங்கால்களைப் பிரிக்காதீர்கள். உடையை உட்கார்ந்துகொண்டே மாற்றுங்கள், படியில் வலி குறைந்த காலை முதலில் மேலே வையுங்கள், தூங்கும்போது முழங்காலிலிருந்து கணுக்கால்வரை நடுவே தலையணை.

ரத்தப்போக்கு, நீர் கசிவு, நெஞ்சுவலி, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, கடுமையான தலைவலி, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். முதுகுவலியே விட்டுவிட்டு ஒரே சீராக வந்தால் அது பிரசவ வலியாக இருக்கலாம், காய்ச்சலோடும் சிறுநீர் எரிச்சலோடும் வந்தால் சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம், தொடையிடுக்கு மரத்துப்போய் சிறுநீர் போவதே தெரியாவிட்டால் அவசரம். இவற்றுக்கெல்லாம் மசாஜ், கைரோபிராக்டிக் எதுவும் வழியில்லை. வலி மாத்திரையையும் கேட்காமல் போடாதீர்கள், குறிப்பாக இபுப்ரோஃபென் வகையை 20 வாரத்துக்குப் பிறகு மருத்துவர் சொன்னாலொழியத் தொடக் கூடாது.

பிரசவம் முடிந்த பிறகு பெரும்பாலானவர்களுக்கு வலி சில வாரங்களில் அடங்கிவிடும். அடங்காதவர்களும் இருக்கிறார்கள், மூன்று மாதம் கழிந்தும் இருந்தால் குழந்தையைத் தூக்குவதால்தான் என்று ஒதுக்காமல் பிசியோதெரபிஸ்ட்டிடம் போய்க் காட்டுங்கள்.