கிடாங்லாட் மலை ஏற அனுமதி: முகவரிடம் விட்டுவிடாதீர்கள்

மலையேறி இறங்கியும் அந்த முகவர் மீதான கோபம் எனக்கு ஆறவில்லை. பிலிப்பைன்ஸின் மிந்தனாவ் தீவுக்குப் போகத் திட்டமிடுகிறவர்களுக்கு உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கிடாங்லாட் செயலற்ற எரிமலை. அது இருக்கும் கிடாங்லாட் மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரம் துலாங்துலாங், 2,938 மீட்டர். நாட்டிலேயே 'அபோ' (Apo) என்ற மலைக்கு அடுத்த உயரம். 2000-ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட காடு. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே தலாண்டிக், ஹிகாவோனோன், புகிட்னோன் மக்களின் மூதாதையர் நிலம். எனவே இங்கே இரண்டு சம்மதங்கள் வேண்டும்: ஒன்று அரசுடையது, மற்றொன்று அந்த மக்களுடையது. இரண்டாவதைத்தான் முகவர்கள் மறைக்கிறார்கள்.

முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்ட எங்கள் முகவர், "அனுமதி தயார், நேரே சொங்கோ போய்விடுங்கள். ஊர்ச் சடங்கெல்லாம் விருப்பப்பட்டால் போதும்" என்று எழுதியிருந்தார். ககயான் டி ஓரோ நகரிலிருந்து மலாய்பலாய் நகருக்கு பஸ், பிறகு லந்தாபன் வழியாக மலைக்கிராமமான சொங்கோ. பயணத்தில் ஒரு சிக்கலும் இல்லை.

சொங்கோவில் மலையைக் காக்கும் தொண்டர் ஒருவர் எங்கள் அனுமதித் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். அதில் எழுதியிருந்தது இந்தாவாஸ் பாதை. அது மலையின் மறுபக்கம், இம்பாசுகோங் வட்டாரத்தில் இருக்கிறது. சொங்கோ என்ற பெயரே தாளில் இல்லை. நாங்கள் வருவதாக ஊர்ப் பெரியவர்களிடமும் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் குரலை உயர்த்தவில்லை; ஆனால் ஓர் அடிகூட மேலே விடவில்லை. அவர் செய்தது முற்றிலும் சரி. முகவருக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை மாலை வேறு, இனி அலுவலகம் திறக்காது. திங்கட்கிழமை மலாய்பலாய் திரும்பித் தாளைத் திருத்தி வாங்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

காத்திருந்த நாட்களில் ஒரே ஆறுதல், சொங்கோவின் மண் ஓவியர்கள். பல நிற மண்ணைக் குழைத்தே வண்ணமாக்கித் தீட்டுகிறார்கள். அவசியம் பாருங்கள்.

திருத்திய தாளோடு வந்தபின் தாத்து, அதாவது குலத்தலைவர், சடங்கு நடத்தினார். கோழிகளைப் பலியிட்டு, மலையின் ஆவிகளை அழைத்து, எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி வழிகேட்டார். குலதெய்வக் கோயிலில் உத்தரவு கேட்டு வளர்ந்தவனுக்கு இதில் புரியாதது எதுவுமில்லை. இதைப் போய் 'விருப்பப்பட்டால்' என்று எழுத அந்த மனிதருக்கு எப்படி மனம் வந்தது? 1997-ஆம் ஆண்டின் பழங்குடியினர் உரிமைச் சட்டமே இந்த மக்களின் நில உரிமையை ஏற்றிருக்கிறது. சடங்கைத் தவிர்க்கச் சொல்கிற முகவர் நம்மை மட்டுமல்ல, அவர்களையும் ஏமாற்றுகிறார்.

ஏற்றம் நன்றாகவே போயிற்று: பாசி போர்த்திய காடு, நிறைய அட்டைகள், உச்சியில் கடுங்குளிர்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. தாளில் பாதையின் பெயரும் ஏறும் ஊரின் பெயரும் சரியாக இருக்கின்றனவா என்று மலாய்பலாயிலேயே நின்று படியுங்கள். வாரத் தொடக்கத்தில் போய்ச் சேருங்கள். கோழிக்கும் சடங்குக்கும் ஆகும் பணத்தைச் சில்லறை நோட்டாக வைத்திருங்கள். மேலே ஏடிஎம்மைத் தேடாதீர்கள். சடங்கைப் படமெடுக்கும்முன் கேளுங்கள், மறுத்தால் கேமராவைப் பைக்குள் வையுங்கள். வழிகாட்டியும் சுமை தூக்குபவரும் அந்த ஊர்க்காரர்களாகவே இருக்கட்டும், கூலியை நேரே அவர்கள் கையில் கொடுங்கள். வறட்சிக் காலத்தில் காட்டுத்தீ அச்சத்தால் மலையை மூடுவதுண்டு. டிக்கெட் எடுக்கும்முன் விசாரியுங்கள்.

முகவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. விடப்போவதில்லை.