லவோதிக்கேயாவில் அடைத்துப்போன குழாய்

மூன்று கிலோமீட்டருக்கு 15 யூரோ. இதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது எதுவும் எழுத ஓடாது. துருக்கியின் செல்சுக் ரயில் நிலையத்திலிருந்து எபேசு இடிபாடுகளின் கீழ்வாசல் வரை டாக்சி. மீட்டர் வேலை செய்யவில்லை என்று ஓட்டுநர் சைகையில் சொன்னார், நானும் பெரிய மனுஷனைப் போலத் தலையாட்டினேன். இறங்கித் திரும்பினால், பின்னாலேயே ஒரு டோல்முஷ் வந்து நின்று பத்துப் பேரை இறக்கிவிட்டுப் போகிறது. டோல்முஷ் என்பது நம்ம ஷேர் ஆட்டோவுக்குப் பெரியண்ணன். அவர்கள் கொடுத்தது வெறும் சில்லறை. அந்த வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் நுழைவுச்சீட்டு ஆளுக்கு 40 யூரோ என்று பலகை.

அம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "ரெண்டு பேருக்கு எம்பதா? ஏல, பவுல் இங்க வந்தப்ப இவ்வளவு கேட்டிருக்க மாட்டானுவ."

பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் யோவான் கடிதம் எழுதும் ஏழு சபைகளும் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருக்கின்றன. ஏழையும் சுற்றிக் காட்டும் டூர்களின் விலையைப் பார்த்ததும் மூடிவிட்டேன். ரயில், பஸ் என்று நாங்களே போனது மூன்றுக்கு: எபேசு, சர்தை, லவோதிக்கேயா. நாள்வாரியாகச் செலவுக் கணக்கோடு எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அது இப்போதைக்கு நடக்காது போலிருக்கிறது.

எபேசுவில் எல்லோரும் செல்சஸ் நூலகத்தின் முகப்பை அண்ணாந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் குனிந்து படிக்கட்டைத் தேடினோம். ஒரு படியில் யாரோ ஏழு கிளை விளக்கைக் கீறி வைத்திருக்கிறார்கள், யூதர்களின் மெனோரா. உள்ளங்கையால் மறைத்துவிடலாம் போல அத்தனை சிறியது. அம்மாவுக்கு ஒரே ஏமாற்றம். தமிழ் வேதாகமத்தில் 'ஏழு பொன் குத்துவிளக்குகள்' என்றுதான் இருக்கிறது. அதனால் அறுபது வருஷமாக அவள் மனதில் நின்றது அடிப்பாகம் அகன்று உச்சியில் கூம்பு வைத்த நம்ம ஊர்ப் பித்தளை விளக்கு. "இதுவா குத்துவிளக்கு?" என்றாள். யோவான் பார்த்தது ஒரு தண்டில் ஏழு கிளை அல்ல, தனித்தனியாக ஏழு விளக்குகள் என்றேன். அப்படியானால் தன் படமே சரி என்று முடிவுக்கு வந்துவிட்டாள். அந்த அடையாளத்துக்கு உரை தேட வேண்டியதும் இல்லை, முதல் அதிகாரத்தின் கடைசி வசனமே ஏழு குத்துவிளக்குகளும் ஏழு சபைகள் என்று சொல்லிவிடுகிறது.

மனந்திரும்பாவிட்டால் உன் விளக்கை அதன் இடத்திலிருந்து எடுத்துவிடுவேன் என்று எபேசுவுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. துறைமுகச் சாலையின் கடைசி வரை நடந்து பார்த்தோம். சாலை கடலுக்குப் போகவில்லை, புல்லில் முடிகிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது, கடல் இப்போது ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி. "எடுத்துட்டார்லா" என்றாள் அம்மா.

சர்தைக்குப் போன மினிபஸ்ஸைப் பற்றி எழுதினால் கெட்ட வார்த்தை வரும். ஒன்று மட்டும்: விழித்திராவிட்டால் திருடனைப்போல் வருவேன் என்று அந்த ஊருக்கு எழுதியது சும்மா இல்லை. அந்த மலைக்கோட்டை செங்குத்தானது, ஏற முடியாது என்ற நம்பிக்கையில் காவலில்லாமல் விட்ட பக்கமாகவே இரண்டு தரம் பிடிபட்டது. கி.மு. 546 வாக்கில் பாரசீக மன்னன் சைரஸிடம், அப்புறம் முன்னூறு வருஷம் கழித்து செலூக்கிய மன்னன் மூன்றாம் அந்தியோகஸிடம். முதல் தடவை, கீழே உருண்ட தலைக்கவசத்தை எடுக்க ஒரு வீரன் இறங்கி ஏறியதைப் பார்த்துத்தான் எதிரி வழி கண்டுபிடித்தான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். 'திருடன்' என்ற சொல்லைக் கேட்டதும் சர்தைக்காரனுக்கு எங்கே சுட்டிருக்கும் என்று அந்த மலையடியில் நின்றால் தெரியும்.

சரி, லவோதிக்கேயா. நான் வந்ததே இதற்காகத்தான்.

எங்கள் ஊர்க் கன்வென்ஷன் பந்தலில், அதாவது வருஷாந்திர ஜெபக் கூட்டத்தில், தவறாமல் வரும் வசனம், லவோதிக்கேயாவுக்கு எழுதிய கடிதத்திலிருந்து: "நீ குளிருமின்றி அனலுமின்றி வெதுவெதுப்பாயிருக்கிறபடியினால் உன்னை என் வாயினின்று வாந்திபண்ணிப்போடுவேன்." அனல் என்றால் பக்தி வைராக்கியம், குளிர் என்றால் அவிசுவாசம், வெதுவெதுப்பு என்றால் பாதிப் பக்தி. இப்படியேதான் பிரசங்கம். சிறுவயதிலிருந்தே எனக்கு அது இடிக்கும். முந்தின வசனம் "நீ குளிராயாவது அனலாயாவது இருந்தால் நலமாயிருக்கும்" என்கிறதே, அவிசுவாசியாக இருந்தாலும் நலம் என்று எந்த அப்போஸ்தலன் எழுதுவான்?

தெனிஸ்லியிலிருந்து பாமுக்கலே போகும் மினிபஸ்ஸில் ஏறி, வழியில் இறங்கி ஒரு கிலோமீட்டர் வெயிலில் நடந்தால் மேட்டின்மேல் ஊர். நிழல் கிடையாது, தொப்பி இல்லாமல் போகாதீர்கள். வடக்கே பார்த்தால் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் மலைச்சரிவில் சுண்ணாம்பு கொட்டிவைத்ததுபோல் வெள்ளை: பாமுக்கலே, அன்றைய எராப்போலி, வெந்நீர் ஊற்றுகளின் ஊர். கிழக்கே ஹோனாஸ் மலையடியில் கொலோசெ, குளிர்ந்த ஓடைத் தண்ணீர். நடுவில் இந்தப் பணக்கார ஊருக்குச் சொந்த ஊற்று இல்லை, குழாய்த் தண்ணீர்தான். வெந்நீர் உடம்பு வலிக்கு, குளிர்ந்தது குடிக்க. இரண்டுமே நல்லது. அப்படிப் படித்தால் அந்த "நலமாயிருக்கும்" இடிக்கவில்லை.

அந்தக் குழாய்களை இன்றும் பார்க்கலாம். ஒரு சுடுமண் குழாயின் வாய்க்கு நேரே அம்மா உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வளையம் வளையமாகச் சுண்ணாம்பு படிந்து, நடுவில் விரல் நுழையும் ஓட்டைதான் மிச்சம். "நம்ம வீட்டு ஹீட்டர் காயிலு மாதிரில்லா இருக்கு. இவங்களுக்கும் போர் தண்ணி போல" என்றாள். ஐநூறு பக்க விளக்கவுரை சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள்! தண்ணீர் இங்கே எத்தனை பெரிய பாடு என்பதற்கு இன்னொரு சாட்சி, கி.பி. 114-ஐச் சேர்ந்த பளிங்குக் கல்வெட்டு. குழாயைச் சேதப்படுத்தினாலும் நீரை அசுத்தம் செய்தாலும் 5,000 முதல் 12,500 தெனாரி (ரோம வெள்ளிக்காசு) வரை அபராதம்.

பக்கத்தில் ஒரு கூட்டத்துக்கு வழிகாட்டி, பாமுக்கலே வெந்நீர் குழாயில் வருவதற்குள் ஆறி வெதுவெதுப்பாகிவிடும் என்று அடித்துவிட்டுக்கொண்டிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீர்க்குழாய் வரிசை ஊருக்குள் வருவது தெற்கிலிருந்து, தெனிஸ்லிப் பக்கத்து ஊற்றுகளிலிருந்து. பாமுக்கலே இருப்பது நேர் எதிர்த்திசையில். காசு வாங்கிக்கொண்டு இதைச் சொல்லலாமா?

அந்தக் கடிதத்தில் வேறு குத்தல்களும் உண்டு. 'நான் ஐசுவரியவான், எனக்கு ஒரு குறைவுமில்லை' என்கிறாய் என்று ஒரு வரி. கி.பி. 60-இல் பூகம்பத்தில் விழுந்த இந்த ஊர், ரோமின் உதவியில்லாமல் சொந்தக் காசிலேயே எழுந்தது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதியிருக்கிறார். வெண்வஸ்திரம் வாங்கிக்கொள் என்கிறது கடிதம். ஊரின் பெருமையோ காக்கை நிறக் கறுப்புக் கம்பளி. கண்ணுக்குக் கலிக்கம் போடு என்கிறது. பக்கத்திலேயே ஒரு மருத்துவப் பள்ளி, கண் வைத்தியத்துக்குப் பேர்போனவர் அங்கே இருந்தார். கலிக்கம் என்ற சித்த வைத்தியச் சொல்லை அந்த இடத்தில் வைத்த மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு கும்பிடு.

பசி. தெனிஸ்லிக் கடைவீதியில் தெனிஸ்லி கெபாப். கல்லடுப்பில் வைத்து வெந்த ஆட்டுக்கறி, தாளில் ரொட்டி, மேலே கறி, கூடவே வெங்காயம், தக்காளி, மிளகாய். முள்கரண்டி கிடையாது, கேட்டாலும் சிரிப்பார்கள். கையால்தான் சாப்பிட வேண்டும். ஒன்பது நாளாகக் கரண்டியோடு மல்லுக்கட்டிய அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கொழுப்பு வழியும் ரொட்டியைப் பிய்த்து, கறியைச் சுருட்டி, கண்ணை மூடி மென்றாள். குளிர்ந்த அய்ரான், நம்ம உப்பு மோர்தான், இரண்டு கோப்பை. இருவருக்கும் சேர்த்து அந்த டாக்சிக்காரர் வாங்கியதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

மறுநாள் பாமுக்கலே, ஆளுக்கு 30 யூரோ. செருப்பைக் கழற்றி வெள்ளைப் படிகளில் காலை வைத்தால், சுடவே இல்லை. ஊற்று நீரே 35 டிகிரிதான், படிகளில் வழியும்போது இன்னும் ஆறிவிடுகிறது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இதுதான் அனலா?" ஐந்து கிலோமீட்டர் தள்ளிக் கரஹாயிட்டில் நிஜமாகவே சுடும் ஊற்று இருக்கிறது என்று சமாளித்தேன். அதற்கு இன்னொரு வண்டியா என்று கேட்டதும் பேச்சு முடிந்தது.

இரவு இஸ்தான்புல் பஸ். நடுராத்திரியில் பையன் தள்ளுவண்டியோடு வந்து காகிதக் கோப்பையில் டீ கொடுத்தான். வெந்நீர் ஆறிப்போயிருந்தது. அம்மா ஒரு வாய் வைத்து, விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ டிக்கெட்டில் அடக்கம், தனியாகக் காசில்லை என்றேன்.

விழுங்கினாள். "அப்ப துப்ப முடியாதுல்லா," என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்தாள்.