1932 ஃபோர்டு கூப்பே: பெயிண்ட்டுக்கு முன்னால் ஒருமுறை முழுதாகக் கட்டுங்கள்

பாதியில் கைவிடப்பட்டு விற்பனைக்கு வரும் ஹாட் ராட்களை, அதாவது வேகத்துக்காக மாற்றிக் கட்டும் பழைய கார்களை, கவனித்தால், பலவும் ஒரே நிலையில் இருப்பது தெரியும். பாடிக்கு விலையுயர்ந்த பெயிண்ட் அடித்திருப்பார்கள். கீழே சேஸிஸில் பிரேக் பெடலுக்கு ஓட்டைகூடப் போட்டிருக்க மாட்டார்கள். ஸ்டீரிங் பாக்ஸ் உட்கார வேண்டிய இடத்தில்தான் எக்ஸாஸ்ட் குழாய் வருகிறது என்பது அப்போதுதான் தெரிந்திருக்கும். பெயிண்ட் அடித்த உலோகத்தில் வெல்டிங் வைக்க யாருக்கும் மனம் வராது, வண்டி அங்கேயே நின்றுவிடும். வீட்டு கராஜில் இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: வெற்று உலோகத்திலேயே வண்டியை முழுதாகக் கட்டி, சக்கரத்தில் நிறுத்தி, முடிந்தால் ஓட்டியும் பார்த்துவிட்டு, பிறகு கழற்றிப் பெயிண்ட் அடியுங்கள். இந்தப் பதிவு முழுக்க அந்த வரிசையிலேயே போகிறது.

எடுத்துக்கொண்ட வண்டி 1932 ஃபோர்டு ஐந்து ஜன்னல் கூப்பே. முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் (வீல்பேஸ்) 106 அங்குலம். அந்த ஆண்டுதான் ஃபோர்டு தன் 221 கன அங்குல, 65 குதிரைத்திறன் வி8 என்ஜினைச் சாதாரண மக்கள் வாங்கும் விலையில் கொண்டுவந்தது. தெற்கு கலிஃபோர்னியா இளைஞர்கள் இந்த வண்டிகளின் மட்கார்டைக் கழற்றிவிட்டு முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டினார்கள். அவர்களின் கிளப்புகள் சேர்ந்துதான் 1937-இல் எஸ்சிடிஏ என்ற வேகப்பந்தய அமைப்பு உருவானது. 1932 சேஸிஸின் வெளிப்பக்கம் பாடியின் பகுதிபோல வெளியே தெரியும், அதில் அழுத்திய ஒரு கோடும் உண்டு. மட்கார்டு இல்லாமலும் இந்த வண்டி முழுமையாகத் தெரிவதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

வாங்கும்போது துருவைவிட முதலில் பார்க்க வேண்டியது எண். சேஸிஸ் இடப்பக்கச் சட்டத்தின் மேற்புறத்தில் பொறித்திருக்கும், வி8 வண்டி என்றால் 18 என்று தொடங்கும். உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணோடு அது எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அசல் பாடி அகப்படாதவர்களுக்கு ஓஹாயோவில் உள்ள புரூக்வில் நிறுவனம் புதிதாக அச்சடித்த இரும்பு பாடிகள் விற்கிறது. தகடு நல்ல தகடு, ஆனால் கதவு இடைவெளியை நாமேதான் சரிசெய்துகொள்ள வேண்டும்.

அசல் பாடியில் துரு கீழிருந்து வரும். கதவின் அடிப்பகுதி, கதவுக்கு முன்னால் உள்ள கவுல் தகட்டின் கீழ் நான்கு அங்குலம், சேஸிஸ்மேல் உட்காரும் சப்ரெயில், டிக்கி தரை, பின்சக்கர வளைவுக்குப் பின்னால் உள்ள மூலை ஆகியவற்றைக் காந்தம் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் உள்ளே பட்டிதான் இருக்கிறது. துருவை எடுக்க மணல் வீச்சுக்குக் கொடுத்தால் சட்டங்களுக்கும் கனமான பாகங்களுக்கும் மட்டும் கொடுங்கள். கூரை, கதவு, டிக்கி மூடி போன்ற அகலத் தகட்டில் மணல் அடித்தால் மேற்பரப்பு நீண்டு அலைபோல வளைந்துவிடும், அதைத் திரும்ப நேராக்குவது பெரும்பாடு. அமிலத் தொட்டியில் முக்கினால் மடிப்புகளுக்குள் அமிலம் தங்கி, பெயிண்ட் அடித்து ஒரு வருடம் கழித்துக் கசியும். சிறு பாகங்களுக்கு வாஷிங் சோடா கரைசலில் மின்பகுப்பு நன்றாக வேலை செய்யும். நேர்மின்முனையாகச் சாதாரண இரும்பை மட்டும் போடுங்கள். ஸ்டெயின்லெஸ் போட்டால் நச்சுக் குரோமியம் கரைசலில் சேரும்.

இப்போது சேஸிஸ். மூலைவிட்டம் அளந்து இரண்டு பக்கமும் 3 மில்லிமீட்டருக்குள் ஒத்துவருகிறதா பாருங்கள். சட்டம் 'ப' வடிவத்தில் உள்பக்கம் திறந்திருக்கும். 65 குதிரைத்திறனுக்கு அது போதும், 150-க்குப் போதாது, முறுக்கிக்கொள்ளும். 3/16 அங்குலத் தகட்டை உள்ளே வைத்து மூடுவதைத்தான் பாக்ஸிங் என்கிறார்கள். சட்டத்தைச் சமதள மேசையில் அழுத்திக் கட்டிவிட்டு இரண்டு அங்குலம் இடப்பக்கம், இரண்டு அங்குலம் வலப்பக்கம் என்று தாவித் தாவி வெல்டிங் வையுங்கள். ஒரே ஓட்டமாக வைத்தால் சட்டம் வாழைப்பழம்போல வளைந்து நிற்கும். மூடுவதற்கு முன்பே பாடி போல்ட், பிரேக் குழாய், ஒயர் ஆகியவற்றுக்கான நட்டுகளை உள்ளே வெல்ட் செய்துவிடுங்கள். மூடிய பிறகு உள்ளே கை போகாது.

முன் ஆக்ஸில் இந்த வண்டியின் உயிர், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நான்கு அங்குலம் தாழ்த்திய ஐ வடிவ ஆக்ஸில், குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங், ஆக்ஸிலைப் பின்னாலிருந்து பிடிக்கும் விஷ்போன் ஆகியவைதான் பழைய முறை. என்ஜினுக்கு அடியில் இடம் வேண்டும் என்று விஷ்போனை நடுவில் வெட்டி இரு பக்கச் சட்டங்களுக்கும் கொண்டுபோவார்கள். அப்படிப் பிரித்தால் ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது ஆக்ஸில் முறுக வேண்டியிருக்கும். அடித்துச் செய்த ஐ ஆக்ஸில் அந்த முறுக்கைத் தாங்கி வளைந்து கொடுக்கும். குழாய் ஆக்ஸில் வளையாது, பிரித்த விஷ்போனோடு அதைப் போட்டால் எங்காவது ஒரு வெல்டிங் விரிசல் விடும். குழாய் ஆக்ஸில்தான் வேண்டுமென்றால், ஒவ்வொரு பக்கமும் இரண்டு கம்பிகள் ஆக்ஸிலைப் பிடிக்கும் நான்கு கம்பி முறைக்குப் போய்விடுங்கள்.

காஸ்டர், அதாவது கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், 5 முதல் 7 டிகிரி. இதை வண்டி கடைசியில் நிற்கப்போகும் உயரத்தில்தான் அளக்க வேண்டும். முன்னால் தாழ்ந்து பின்னால் உயர்ந்து நிற்பதுதான் ஹாட் ராட்டின் அழகு, ஆனால் அந்தச் சாய்வே காஸ்டரைத் தின்றுவிடும். சமதளத்தில் 6 டிகிரி வைத்து வெல்ட் செய்த பிராக்கெட், பெரிய பின்டயர் போட்டதும் 3 ஆகிவிடலாம், ஸ்டீரிங் சாலையில் அலையும். ஆகவே டயரை முதலிலேயே வாங்குங்கள். என்ஜின் பாரம் இல்லாமல் ஸ்பிரிங் தாழாது என்பதால், ஸ்பிரிங்குக்குப் பதில் கணக்கிட்ட உயரத்தில் மரக்கட்டை வைத்துச் சேஸிஸை நிறுத்தி அளப்பது வழக்கம். பாரம் ஏறியபின் ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு இணைக்கும் ஷாக்கிள்கள் ஏறக்குறைய 45 டிகிரியில் சாய்ந்து நிற்க வேண்டும், செங்குத்தாக நின்றால் வண்டி பக்கவாட்டில் ஆடும். டோ-இன், அதாவது முன்சக்கரங்களின் முன்புறம் பின்புறத்தைவிட உள்ளே நெருங்கியிருக்கும் அளவு, 1/16 முதல் 1/8 அங்குலம். கிங்பின் புஷ்ஷைக் கட்டைவிரலால் அழுத்தினால் பின் உள்ளே போகும் அளவுக்கு ரீமர் போடுங்கள். சுத்தியலால் அடித்து இறக்கினால் ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராது.

ஃபோர்டு 1939-இல்தான் ஹைட்ராலிக் பிரேக்குக்கு வந்தது. அதனால் 1939 முதல் 1948 வரையிலான 12 அங்குல டிரம் பிரேக்குகளை இதில் மாட்டுவது அந்தக் காலத்திலிருந்தே உள்ள பழக்கம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். "பிரேக் பிடிக்கவில்லை" என்று பலர் சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான்: மேலே உள்ள எக்சென்ட்ரிக்கை (ஷூவை டிரம்மை நோக்கித் தள்ளும், மையம் விலகிய திருகை) மட்டும் திருப்பிவிட்டு, கீழே உள்ள ஆங்கர் பின்னைத் தொடாமல் விட்டிருப்பார்கள். அதுவும் எக்சென்ட்ரிக்தான். ஷூவின் அடி முனையும் டிரம்முக்கு ஒட்டி வரும்வரை அதைத் திருப்பிய பிறகே மேலே வர வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் இரண்டு சர்க்யூட் உள்ளதாகவே இருக்கட்டும். அது தரைக்கு அடியில், சக்கர சிலிண்டர்களுக்கு நிகராகவோ தாழ்வாகவோ இருந்தால் டிரம் லைனில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் 10 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு தேவை. மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே அந்த வால்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் வெளியே இன்னொன்று வேண்டாம்.

பின் ஆக்ஸிலில் ஒரு பொறி இருக்கிறது. 1940 ஃபோர்டின் பான்ஜோ ஆக்ஸில் வலுவானது என்று வாங்கிவிடுவார்கள். அதில் ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குப் பின்னால் உட்காரும், 1932 சேஸிஸில் ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு நேர் மேலே. 1940-இன் வீல்பேஸ் 112 அங்குலம் என்பதால் கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்கு வரும் டார்க் டியூபையும் உள்ளே ஓடும் தண்டையும் வெட்டிக் குறுக்க வேண்டும். ஹப் கழற்ற, ஹப்பின் மரையில் ஏறும் தனிப் புல்லர் உண்டு. டிரம் விளிம்பைப் பிடித்து இழுத்தால் டிரம் கோணிவிடும். கழற்றும்போது நட்டை முனையில் விட்டுவைத்திருங்கள், ஹப் விடுபடும்போது துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் வரும். திரும்ப மாட்டும்போது கூம்புப் பகுதி சுத்தமாக, கிரீஸ் இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். சக்தியைக் கடத்துவது அந்தக் கூம்பின் பிடிதான். பிடி தளர்ந்தால் பாரம் முழுவதும் ஹப்பையும் தண்டையும் சேர்க்கும் சின்னச் சாவிக்கு வந்து, சாவி அறுந்துபோகும்.

பாடியைத் தொடும் முன்னால் உள்ளே சதுரக் குழாயால் குறுக்கும் நெடுக்குமாகத் தாங்கு வெல்ட் செய்யுங்கள். பிறகு பாடியைச் சேஸிஸ்மேல் போல்ட் போட்டு, கதவுகளை மாட்டிப் பூட்டி, இடைவெளி சுற்றிலும் 4 மில்லிமீட்டர் வரும்வரை பாடி மவுன்ட்டில் ஷிம் தகடுகளை மாற்றிப் போட்டு ஒழுங்குபடுத்துங்கள். அதற்குப் பிறகுதான் வெட்டு. பேட்ச் வைக்கும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாமல், முனைக்கு முனை சேர்த்து வெல்ட் செய்யுங்கள். மேலேற்றி வைத்தால் நடுவில் ஈரம் தங்கி அந்த இடமே மறுபடி துருப்பிடிக்கும். மிக் மெஷினில் 0.6 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கான் 75, கார்பன் டை ஆக்சைடு 25. ஒரு புள்ளி வைத்து, ஒரு கை தூரம் தள்ளி அடுத்த புள்ளி, கை வைக்க முடிகிற அளவுக்கு ஆறியபின் இடையில் இன்னொன்று. வெல்டிங் ஆறும்போது சுருங்கித் தகட்டை இழுக்கும். ஒவ்வொரு புள்ளியையும் அடியில் டாலி (இரும்புக் கட்டை) வைத்துச் சுத்தியலால் தட்டி விரித்தால் அந்த இழுப்பு போய்விடும்.

கூரையைத் தாழ்த்துவதா என்பது அவரவர் விருப்பம். இரண்டரை அங்குலத்துக்கு மேல் போனால் இருக்கையையும் தாழ்த்த வேண்டிவரும், ஓட்டுநரால் சிக்னல் விளக்கைப் பார்க்க முடியாது. ஐந்து ஜன்னல் கூப்பேயில் கதவுக்குப் பின்னுள்ள தூண் நேராக இருப்பதால் வெட்டி இறக்கினால் பொருந்தும். முன் தூண் சாய்வானது, இறக்கியதும் மேல்முனை முன்பின்னாக விலகும். அதன் அடியில் சிறு வெட்டுப் போட்டுத் தூணைப் பின்னால் சாய்த்துச் சேர்ப்பார்கள். பின்பக்கம் வளைவு மாறுவதால் இரண்டு மூன்று செங்குத்து வெட்டுகள் போட்டு விரித்துச் சேர்க்க வேண்டும். கண்ணாடி எல்லாம் தட்டைக் கண்ணாடி என்பது பெரிய நிம்மதி. லேமினேட்டட் கண்ணாடியைக் கடையில் அளவுக்கு வெட்டித் தருவார்கள்.

என்ஜினுக்கு வருவோம். 1946–48 காலத்து 59ஏ பிளாக்கை நான் பரிந்துரைக்கிறேன். 239 கன அங்குலம், 100 குதிரைத்திறன், 1939 கியர்பாக்ஸோடு நேராகப் பூட்டலாம். 1949–53 காலத்து 8பிஏ நல்ல என்ஜின்தான், ஆனால் பெல் ஹவுசிங் வேறு என்பதால் அடாப்டர் வேண்டும். ஃபோர்டின் மெர்க்குரி காரில் வந்த 4 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க் போட்டு, சிலிண்டரை 3-5/16 அங்குலத்துக்குக் கடைந்தால் 276 கன அங்குலம். அவ்வளவு கடைவதற்கு முன் சிலிண்டர் சுவரின் தடிமனை சோனிக் கருவியில் அளக்கச் சொல்லுங்கள்.

இந்த ஃபோர்டு வி8-கள் எல்லாம் ஃபிளாட்ஹெட், அதாவது வால்வுகள் ஹெட்டில் இல்லாதவை. ஃபிளாட்ஹெட் சூடேறும் என்ற பெயர் அதற்கு ஏன் வந்தது? வால்வுகள் பிளாக்கிலேயே இருப்பதால், எரிந்த புகை பிளாக்கின் ஊடாக, தண்ணீர் அறைகளை உரசிக்கொண்டுதான் வெளியே போகிறது. ஒரு பக்கம் நான்கு சிலிண்டருக்கு மூன்று வழிதான், நடுவில் உள்ள இரண்டும் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. இந்த அமைப்பை மாற்ற முடியாது. ஆனால் தண்ணீர் அறைக்குள் வார்ப்பின்போது தங்கிய மணலும் கம்பித் துண்டுகளும் துருச்சேறும் பல பிளாக்குகளில் இன்றும் கிடக்கின்றன. அவற்றை முழுதாக எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். பிளக்குகளைக் கழற்றி, வளைந்த கம்பியால் ஒவ்வொரு மூலையையும் குத்தி எடுத்து, பிறகு சூடான சுத்திகரிப்புக் கரைசல் உள்ள வெந்தொட்டியில் போடச் சொல்லுங்கள். அதன்பின் காந்தத்தால் விரிசலைக் காட்டும் மாக்னாஃப்ளக்ஸ் சோதனை, பிரஷர் சோதனை. ஸ்டட் ஓட்டையிலிருந்து தண்ணீர் ஓட்டைக்குப் போகும் குட்டி விரிசல் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. வால்வு சீட்டிலிருந்து சிலிண்டருக்குள் இறங்கும் விரிசல் இருந்தால் வேறு பிளாக் தேடுங்கள். இந்தச் சோதனைகள் முடியும்வரை பிஸ்டனுக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஹெட் ஸ்டட்கள் 24 ஒரு பக்கத்துக்கு. பல ஓட்டைகள் தண்ணீர் அறைக்குள் திறப்பதால் மரையில் சீலன்ட் தடவ வேண்டும். என்ஜின் சூடாகி ஆறியபின் மறுபடி இறுக்குவது கட்டாயம். கார்புரேட்டர் இரண்டு ஸ்ட்ராம்பெர்க் 97 போதும், மூன்று வைத்தால் பார்க்க அழகு, டியூன் செய்யச் சிரமம். எரிபொருள் அழுத்தம் இரண்டரை பிஎஸ்ஐக்குள் இருக்கட்டும். புதிய எலக்ட்ரிக் பம்புகள் 5 அல்லது 6 தரும், ஊசி வால்வு தாங்காமல் பெட்ரோல் மேனிஃபோல்டில் வழியும், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. ரெகுலேட்டரும் கேஜும் வையுங்கள்.

இத்தனையும் வெற்று உலோகத்தில் நிற்கும்போதே ரேடியேட்டர், ஹோஸ், பெடல், ஹேண்ட்பிரேக் கேபிள், வைப்பர், இருக்கை, ஒயரிங் கிளிப் எல்லாவற்றையும் மாட்டுங்கள். ஸ்டீரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கியில் ஏற்றி இறக்கி எது எதில் உரசுகிறது என்று பாருங்கள். கடைசி ஓட்டை போட்டு முடிந்ததும் கழற்றி, வெற்று உலோகத்தில் நேராக எபாக்சி பிரைமர், அதன்மேல் பட்டி, பிறகு நிறம். இரு பாகப் பெயிண்ட்டில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கும். துணி முகமூடியும் சாதாரண ஃபில்டரும் போதாது, வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும். அந்த வசதி இல்லாவிட்டால் அந்த ஒரு வேலையை வெளியே கொடுத்துவிடலாம்.

திரும்பப் பூட்டும்போது பாடி, என்ஜின், சேஸிஸ் மூன்றுக்கும் இடையே எர்த் பட்டை போடும் இடங்களில் பெயிண்ட்டைச் சுரண்டிவிடுங்கள். விளக்கு மங்குவதற்கும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுவதற்கும் பெரும்பாலும் அங்கேதான் காரணம் இருக்கும். முதல் ஓட்டம் வீட்டு வாசலில், நடக்கும் வேகத்தில், பிரேக்குக்காக மட்டும். 50 மைல் கழித்துப் பின் ஹப் நட், ஸ்பிரிங் யூ-போல்ட், ஸ்டீரிங் கை, ஹெட் ஸ்டட் எல்லாவற்றையும் என்ஜின் ஆறியிருக்கும்போது டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். 500 மைலில் மறுபடியும் அதே பட்டியல்.