சொதிச் சோறும் பூனையும்

பூனைக்குச் சொதியும் சோறும் குழைத்து வைக்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ. யாழ்ப்பாணத்தில் பாதி வீடு தூக்கும் என்று நினைக்கிறேன்.

சொதியில் எனக்குப் பயம் வெங்காயம்தான். வெந்தாலும் அது பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். அதைவிட, பூனை இறைச்சி தின்று வாழும் சாதி. டோரின் என்ற சத்து அதன் உடம்பில் போதிய அளவு உருவாகாது. இறைச்சி, மீனில் இருந்துதான் கிடைக்க வேண்டும். குறைந்தால் கண்பார்வை போகும், இதயத் தசை தளரும். இதயத்துக்கும் டோரினுக்கும் உள்ள தொடர்பு 1987இல்தான் தெரிய வந்தது. அதற்குப் பிறகுதான் கடையில் விற்கும் பைத் தீனிகளில் அதைக் கூட்டினார்கள். நாய்த் தீனியில் டோரின் போதாமல் இருக்கலாம்; அதைப் பூனைக்கு வைக்க வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

“அப்ப பாசையூர்ச் சூடை மீனைப் பச்சையா போடவோ?” என்று அம்மம்மா கேட்டார். வேண்டாம். சில பச்சை மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி இருக்கிறது; அவித்தால் அடங்கிவிடும். உப்புப் புளி இல்லாமல் அவித்து, முள்ளெடுத்து, அவித்த தண்ணீரையும் சேர்த்து வையுங்கள். டோரினில் கொஞ்சம் அந்தத் தண்ணீருக்குள் இறங்கிவிடும்.

மீன் மட்டும் காணாது. ஆனால் இப்போதைய விலைக்குப் பைத் தீனி மட்டும் கொடுக்கவும் கட்டாது. எங்கள் வீட்டில் காலையில் பை, பின்னேரம் மீன் அல்லது கோழி. பையில் உள்ள சேர்மானப் பட்டியலில் இறைச்சியோ மீனோ முதலில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உலர் தீனி என்றால் பக்கத்தில் தண்ணீர் கட்டாயம்.

அப்புறம், தீனியை ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதோடு கலந்து ஒரு கிழமைக்குள் மாற்றுங்கள். இல்லாவிட்டால் வயிற்றோட்டம், கழுவப்போவது நீங்கள்தான்.