ஆயில் பம்ப்புக்கு விடை கொடுத்தாச்சு

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்ட் மோட்டாரில், எண்ணெயைத் தானாகவே இன்ஜினுக்குச் செலுத்தும் ஆயில் இன்ஜெக்‌ஷனை இன்று கழற்றிவிட்டேன். பம்ப் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அதைச் சுழற்றும் பிளாஸ்டிக் கியர் எப்போது பல்லைக் கொட்டுமோ என்ற பயம். எண்ணெய் நின்றால் பிஸ்டன் இறுக அதிக நேரம் ஆகாது.

பம்ப் இருந்த துளையைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து மூடினேன். எண்ணெய்க் குழாய் வந்து சேர்ந்த ஒவ்வொரு முனையையும் அடைக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் காற்று புகுந்து பெட்ரோல்-காற்றுக் கலவை மெலியும், சிலிண்டர் சூடேறும். நானே ஒன்றை விட்டுவிட்டு, அப்புறம் டார்ச் அடித்துத் தேடினேன்!

இனி எண்ணெயை நானே பெட்ரோலில் கலக்க வேண்டும், 50:1 கலவைதான்: 20 லிட்டர் பெட்ரோலுக்கு 400 மில்லி டூ-ஸ்ட்ரோக் மரைன் ஆயில். மெதுவாக ஓடும்போது புகை கொஞ்சம் கூடுதல். சரி, பரவாயில்லை.