அக்கா மகளை "சரிபண்ண" கூட்டிப்போனேன்

அக்கா மகளுக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்று வீட்டில் தெரிந்ததும், "நீதானே தாய்மாமன், நல்ல டாக்டரா பார்த்து சரிபண்ணிக் கூட்டிட்டு வா" என்று பொறுப்பை என் தலையில் கட்டினாள் அக்கா. கடலூரில் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் போனோம். "மாத்திரை எழுதறேன், வைகாசிக்குள்ள கல்யாணத்தை முடிச்சிடுங்க" என்றார். பாப்பா வாயே திறக்கவில்லை. வெளியே வந்ததும், "மாமா, நான் ஒழுங்காத் தூங்கி ரொம்ப நாளாச்சு. அதை யாருமே கேக்கல" என்றாள்.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. "மாற்றுகிறேன்" என்று சிகிச்சை கொடுப்பது மருத்துவரின் தொழில்முறைக் குற்றம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியிருக்கிறது. ஆக, தப்பு பாப்பா பக்கம் இல்லை.

அடுத்து பாண்டிச்சேரியில் தேடினேன். இந்த முறை போனிலேயே கேட்டுவிட்டேன்: "ஒரு பொண்ணு இன்னொரு பொண்ணை விரும்பினா, அதை மாத்தணும்னு நினைப்பீங்களா?" ஒருவர், "வயசுக் கோளாறா இருக்கும், வாங்க பார்க்கலாம்" என்றார். வைத்துவிட்டேன். இன்னொரு அம்மா, "மாத்த ஒண்ணுமில்ல. அவங்களுக்கு இப்ப என்ன கஷ்டம்?" என்று திருப்பிக் கேட்டார். அவரிடமே போனோம்.

உள்ளே பேசுவது எதையும் என்னிடம் சொல்ல மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பணம் கட்டுபவன் நான், எனக்கே சொல்லமாட்டாராமே என்று சுருக்கென்றது. ஆனால் அந்த உறுதி இருந்ததால்தான் பாப்பா பேசினாள் என்று இப்போது தோன்றுகிறது. திரும்பும் பஸ்ஸில், அரியாங்குப்பம் நெரிசலில் நிற்கும்போது அவளாகச் சொல்வதுதான் எனக்குத் தெரியும்: தூக்கம், ஆபீஸில் "எப்ப கல்யாணம்?" என்பவர்களைச் சமாளிப்பது, யாரிடம் சொல்லலாம், யாரிடம் வேண்டாம் என்பது. (இதையும் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

என் வேலை வீட்டில் இருந்தது: அக்காவையும் அவள் வீட்டுக்காரரையும் அந்த அம்மாவிடம் கூட்டிப்போவது. அக்கா வீட்டுக்காரர் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "கவுன்சலிங்கா, எனக்கா?" என்று எகிறினார். அவரிடம் 2021 வழக்கைச் சொன்னேன். மதுரையில் வீட்டு எதிர்ப்புக்குப் பயந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கு அது. இந்த விஷயத்தில் தனக்கே முன்முடிவுகள் இருக்கின்றன என்று வெளிப்படையாகச் சொன்ன உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், உளவியலாளர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் உத்தரவு எழுதினார். "மாற்றும்" சிகிச்சைக்குத் தடை போட்டதும் அதே உத்தரவுதான். ஜட்ஜே போனார் என்றதும் மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் சொன்ன மற்ற நியாயம் எதுவும் அவரிடம் எடுபடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அங்கே அக்கா கேட்ட முதல் கேள்வி, "நான் வளர்த்த விதத்துல தப்பா?" அந்த அம்மா "இல்லைங்க" என்று மட்டும் சொல்லி, அக்கா அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். "ஊருக்கு என்ன சொல்றது?" என்றதற்கு, "ஊருக்கு இப்பவே சொல்லணும்னு யார் சொன்னா?" என்றார். அக்காவுக்குப் பாதி பாரம் அதிலேயே இறங்கியது.

தரகரிடமிருந்து ஜாதகத்தை நான்தான் திரும்ப வாங்கினேன். சொந்தத்தில் யாராவது கேட்டால் "மாமன்காரனுக்கு இஷ்டமில்லை" என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். தாய்மாமன் முறுக்கிக்கொள்வது ஒன்றும் புதிதில்லையே, யாரும் மேற்கொண்டு கிளறுவதில்லை.

அக்கா முழுதாக ஏற்றுக்கொண்டாள் என்று சொல்ல மாட்டேன். பாப்பா இப்போது தூங்குகிறாள். அந்த அம்மாவிடம் போவதையும் நிறுத்தவில்லை. கட்டணம் கையைக் கடிக்கத்தான் செய்கிறது. முடியாதவர்கள் 14416-க்கு, அதாவது அரசின் டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடலாம். இலவசம், தமிழிலும் பேசலாம். ஜிப்மரிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. யாரிடம் போனாலும், நான் போனில் கேட்ட அந்தக் கேள்வியை முதலில் கேட்டுவிட்டு அப்புறம் பிள்ளையைக் கூட்டிப்போங்கள்.