முதல் க்ளிக்

ஜூன் 9, திங்கள்

கண்புரை ஆபரேஷனுக்குப் போனேன். சுகர் 212. குறைச்சுட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இது ரெண்டாவது தடவை.

திண்டுக்கல் தம்பி ரிப்பேருக்குக் கொடுத்த ரோலிகார்ட் கேமரா டேபிள்ல அப்படியே கெடக்கு. ஐந்து பி மாடல், ஷ்னைடர் சேனார் லென்ஸ், 75 எம்எம், சிங்க்ரோ காம்பூர் ஷட்டர். 1/60 செகண்ட்ல இருந்து மேல எல்லாம் அடிக்குது, கீழ வர வர மூச்சு வாங்குது. ஒரு செகண்ட் வச்சா ஜ்ர்ர்ர்னு ஆரம்பிச்சு பாதியில நின்னு, லேசா தட்டுனா மறுபடி ஓடி மூடுது. தாத்தா கேமராவாம். அக்கா கல்யாணத்துல இதுல ஒரு ரோலாவது எடுக்கணுமாம். ஜூலை 13.

ஜூன் 10

ஃபேன் இல்லாம உக்கார முடியல, ஃபேன் போட்டா ஸ்ப்ரிங் பறந்துரும்.

ஜூன் 11, புதன்

முன் லென்ஸைக் கழட்டி, வளையத்தை எடுத்து, ஸ்பீடு தகட்டைத் தூக்கிட்டேன். ஸ்லோ ஸ்பீடு கியர் பெட்டி கீழ உக்காந்திருக்கும், அதுல கடைசிச் சக்கரத்துக்குப் பக்கத்துல குட்டியா ஒரு நங்கூரம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும், கடிகாரத்துல இருக்கற மாதிரியேதான். ஒரு செகண்டுக்கு அந்த நங்கூரம் முழுசா கடிச்சு ஓடும், நடு ஸ்பீடுக்கு நங்கூரம் விலகிரும் வெறும் சக்கரம் மட்டும் சுத்தும், மேல போனா அந்தச் சக்கரமும் வேணாம், ஸ்ப்ரிங்கோட இழுப்பு மட்டும்தான். அதனாலதான் எந்த ஸ்பீடுல கோளாறுன்னு காதால கேட்டே எங்க அழுக்குன்னு சொல்லிரலாம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் கடிகாரக்காரர். மேல மாசி வீதியில ஒரு மாடிப்படிக்கு அடியில அவர் கடை, நான் பதினேழு வயசுல போய் உக்காந்தேன். காம்பூருன்னா என்னன்னு தெரியுமாடான்னு கேப்பார். அதுக்கு முன்னாடி மியூனிக்ல டெக்கல் கம்பெனி பண்ண ஷட்டர் பேரு காம்பவுண்ட், அதுல காத்துச் சிலிண்டர் வச்சு நேரத்தைக் கட்டுப்படுத்துனாங்க, 1912ல காத்துக்குப் பதிலா கடிகாரச் சக்கரம் வச்சாங்க, ஜெர்மன்ல கடிகாரத்துக்கு ஊர்னு பேரு, காம்பவுண்டும் ஊரும் சேந்து காம்பூர். அப்ப இது நம்ம தொழில்தான்டான்னு சொல்லும்போது அவர் முகத்துல ஒரு பெருமை வரும்.

பெட்ரோல்ல கழுவி விட்டுட்டேன். பிரிக்கல. மொத்தமா நனைச்சு, அடிச்சு அடிச்சு, ப்ளோயரால ஊதி, காய விட்டு, மறுபடி. மூணு முறை. ஒரு செகண்ட் இப்ப 1.08. ஷட்டர் பிளேடு, வெளிச்சத்தத் திறந்து மூடற தகடு, க்ளீன். நோட்டுல எழுதிட்டேன்.

ஜூன் 14, சனி

ஒரு ஸ்க்ரூ விழுந்துருச்சு. அரை மணி நேரம் தரையில தடவுனேன். வீட்டுக்காரி வந்து டார்ச்சைத் தரையோட தரையா படுக்க வச்சு அடிச்சா, நிழல் விழுந்த இடத்துல இருந்துச்சு. என் காலுக்கிட்டயே. ஒண்ணும் சொல்லாம எடுத்துக் கொடுத்துட்டு உள்ள போயிட்டா.

லைட்டைச் சுத்தி வளையம் தெரியுது. முன்ன ராத்திரி மட்டும் தெரிஞ்சுச்சு.

ஜூன் 17, செவ்வாய்

சுகர் 148. போதும்னுட்டாங்க.

டாக்டரம்மா கேட்டாங்க, உள்ள வைக்கற லென்ஸ தூரத்துக்கு வைக்கவா கிட்டத்துக்கு வைக்கவான்னு. எல்லாரும் தூரம்தான் கேப்பாங்களாம், டிவி பாக்கணும், வண்டி ஓட்டணும், படிக்கறதுக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கலாம். நான் வாயத் திறக்காம உக்காந்திருந்தேன். அவ என் கையப் புடிச்சு, என்னங்க தூரம்னு சொல்லுங்க, ரோட்டுல வர்ற வண்டி தெரிய வேணாமான்னு கேக்கறா. நான் நாப்பத்தஞ்சு வருஷமா வலது கண்ணுலதான் ஐ கிளாஸ், கண்ணுல சொருகற பூதக்கண்ணாடி, மாட்டறேன். ஒரு விஷயத்தை எங்க வச்சுப் பாக்கறமோ அங்கதான வாழறோம், எனக்கு அது மூக்குல இருந்து ஒரு சாண். பஸ் போர்டு படிக்க கண்ணாடி போட்டுக்கறேன் டாக்டர், கிட்டத்துக்கே வச்சிருங்கன்னு சொல்லிட்டேன். ஐ கிளாஸ் போட்டா எந்த லென்ஸ் வச்சாலும் ஒண்ணுதான்னு அவங்க சொன்னாங்க. உண்மைதான். ஆனா ஐ கிளாஸ் போடாமப் பாக்கறதும் வேலையில பாதி இருக்கு. சாமணத்துல பார்ட்ட எடுத்து டப்பாவுல வைக்கறது, எந்த ஸ்க்ரூ எந்தக் குழியில இருந்துச்சுன்னு வரிசையா அடுக்கறது, அதெல்லாம் வெறும் கண்ணுதான். வீடு வர்ற வரைக்கும் ஆட்டோவுல அவ பேசல.

சனிக்கிழமை ஆபரேஷன்.

ஜூன் 20

தூக்கமில்ல. தம்பி ஃபோன் பண்ணாப்ல, சார் கேமரா எப்படி இருக்குன்னு. ரெடி தம்பி, டெஸ்ட் மட்டும் பாக்கி.

ஜூன் 21, சனி

ஆச்சு. இருபது நிமிஷம் கூட இல்ல. வெளிச்சம் வெளிச்சமா கலங்கிச்சு, தண்ணி ஊத்துனாங்க, அவ்வளவுதான்.

ஜூன் 22, ஞாயிறு

கட்டு எடுத்தாங்க. வாசல்ல ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்துச்சு. நீலம். இப்படி ஒரு நீலம் எத்தனை வருஷமா என் கண்ணுக்கு வரல. இடது கண்ண மூடிப் பாத்தேன், வலது கண்ண மூடிப் பாத்தேன். இடதுல அதே வாளி டீத்தண்ணி ஊத்துன மாதிரி இருக்கு.

குனியக்கூடாது, தலைக்குத் தண்ணி ஊத்தக்கூடாது, ஒரு நாளைக்கு ஆறு வேளை சொட்டு மருந்து. அவ ஃபோன்ல ஆறு அலாரம் வச்சிருக்கா.

ஜூன் 24, செவ்வாய்

அவ ரேஷன் கடைக்குப் போயிருந்தா. குனியல. கேமராவத்தான் மேல தூக்கினேன், புத்தகம் அடுக்கி அது மேல வச்சேன். ஐ கிளாஸக் கண்ணுல சொருகாம தள்ளிக் கையில புடிச்சேன். ஸ்பீடு தகட்டுக்குக் கீழ உள்ள ஸ்க்ரூ தலை எல்லாம் நீலம் பாய்ச்சின எஃகு. மயில் கழுத்து மாதிரி. அது எனக்குத் தெரியும், ஆனா மறந்து போயிருந்தேன். ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தேன்.

அப்புறம் பிளேடப் பாத்தேன்.

எண்ணெய். அஞ்சு பிளேடும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நடுவுல சேர்ற இடத்துல மெல்லிசா ஒரு படலம், டார்ச்சச் சாய்ச்சா மழை பெஞ்ச ரோட்டுல பெட்ரோல் சிந்துன மாதிரி கலர் ஓடுது. க்ளீன்னு எழுதி வச்ச பிளேடு.

ஜூன் 25, புதன்

நோட்டத் திறந்தேன். போன வருஷம் சித்திரையில இருந்துதான் நான் பிளேடப் பிரிக்கறத நிறுத்துனேன். சொல்லிக்கிட்ட காரணம், பெட்ரோல்ல கழுவுனாலே போதும், எதுக்கு வீணா பிரிக்கணும். உண்மையான காரணம், பிரிச்சா மறுபடி மாட்ட முடியாதோன்னு பயம். கழுவும்போது கியர்ல இருந்த பழைய கிரீஸ் பெட்ரோல்ல கரையும், பெட்ரோல் காத்துல போயிரும், கரைஞ்ச கிரீஸ் எங்க போகும்? எங்க தண்ணி கடைசியா நிக்குதோ அங்க. பிளேடுலதான். இது எனக்குத் தெரியாததில்ல. இதைத்தான் என்கிட்ட வேலை கத்துக்க வந்த ரெண்டு பசங்ககிட்டயும் முதல் நாளே சொல்லியிருக்கேன்.

அதுக்கப்புறம் 17 கேமரா வெளிய போயிருக்கு. 17லயும் என் கையெழுத்துல பிளேடு க்ளீன்.

ஜூன் 26

சொட்டு மருந்து ரெண்டு வேளை மறந்தேன். திட்டு.

ஜூன் 27, வெள்ளி

இது வரைக்கும் நான் அளக்கற விதமே தப்பு. லென்ஸுக்கு முன்னாடி டார்ச், பின்னாடி ஃபோட்டோ டிரான்சிஸ்டர், அது வயர் லேப்டாப் மைக்ல, திரையில ரெண்டு முள்ளு வரும், ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரம்தான் ஷட்டர் திறந்திருந்த நேரம். அதுல தப்பில்ல. ஆனா நான் சும்மா நாலஞ்சு தடவை அடிச்சுப் பாத்துட்டு, கை பழகுனப்புறம்தான் வயர மாட்டுவேன். அஞ்சு அடி அடிச்சா எண்ணெய் பிளேடுல விலகி வழி விட்டுரும். ராத்திரி பூரா சும்மா இருந்தா மறுபடி ஒட்டிக்கும், நனைஞ்ச ரெண்டு கண்ணாடித் துண்டு ஒட்டற மாதிரி. காலையில முதல் அடிக்கு அந்த ஒட்டப் பிரிக்கவே ஸ்ப்ரிங்குக்குப் பலம் போயிரும்.

இன்னைக்குக் காலையில எந்திரிச்சதும் பல்லு கூட விளக்காம வயர மாட்டி அடிச்சேன்.

1/125, எட்டு மில்லிசெகண்ட் வரணும். முதல் க்ளிக் 13.5. ரெண்டாவது 10.2. அஞ்சாவது 8.4.

முக்கால் ஸ்டாப் கூடுதல் வெளிச்சம், ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு. முதல் ஃப்ரேமுக்கு மட்டும். ஃபோட்டோ எடுக்கறவன் தன் மேல தப்புன்னு நினைச்சுக்குவான்.

ஜூன் 28, சனி

முதல் க்ளிக் 13.1.

ஜூன் 30, திங்கள்

அந்த 17 கேமராக்காரங்களுக்கும் ஃபோன் பண்ண ஆரம்பிச்சேன். இன்னைக்கு ஆறு பேரு. ரெண்டு பேரு எடுக்கல. ஒருத்தர் கேமராவ வித்துட்டாராம். ஒருத்தர் பரவால்ல சார் ஷோகேஸ்லதான் இருக்குன்னாரு. அது எனக்கு ஆறுதலா இல்ல.

நாகர்கோவில் அம்மா ஒருத்தங்க, யாஷிகா மேட், காப்பல் ஷட்டர், போன ஐப்பசியில பண்ணது. நான் கேட்டேன், முதல் ஃப்ரேம் எப்படி வருதும்மான்னு. கொஞ்ச நேரம் சத்தமில்ல. அப்புறம் சொன்னாங்க, பன்னெண்டு ஃப்ரேம்ல முதல் ஒண்ணு மட்டும் எப்பவும் நெகட்டிவ் கருப்பா அடிக்குது சார், நான் லைட் மீட்டரத் தப்பா பாக்கறேன்னு நெனச்சேன், அதனால இப்பல்லாம் முதல் ஃப்ரேம சும்மா செவுத்தப் பாத்து அடிச்சுட்டு அப்புறம்தான் எடுக்க ஆரம்பிப்பேன்.

ஒரு ரோலுக்கு ஒண்ணு. எத்தனை ரோலு.

அனுப்புங்கம்மா, காசு வேணாம், கொரியரும் நான் கொடுக்கறேன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். அதுக்கப்புறம் வேற நம்பருக்கு அடிக்க முடியல.

ஜூலை 2

மீதி பதினொரு பேரு. அஞ்சு பேரு அனுப்பறேன்னாங்க.

ஜூலை 4, வெள்ளி

செக்கப்ல நல்லா இருக்குன்னாங்க. வேலை செய்யலாமான்னு அவளே டாக்டர்கிட்ட கேட்டா. அளவோட.

ஜூலை 5, சனி

பிரிச்சேன். பின்பக்க வளையம் விட்டு ஷட்டர முழுசா பாடியில இருந்து எடுத்து, மெயின் ஸ்ப்ரிங்க இறக்கி, பின்னாடி இருந்து பிளேடுக்கு வழி. ஒவ்வொண்ணா சாமணத்தால எடுத்து, எந்த வரிசையில வந்துச்சோ அதே வரிசையில வெள்ளைப் பேப்பர்ல. அஞ்சு பிளேடு. நகத்த விட மெல்லிசு, ஒரு ஓரத்துல ஊசி நுழையற ஓட்டை, பக்கத்துல ஒரு காடி. 1/500ல இது அஞ்சும் சேந்து திறந்து மூடறதுக்கு இருக்கறது ரெண்டு மில்லிசெகண்ட். அதுக்குள்ள எண்ணெய இழுத்துக்கிட்டு ஓடுன்னு அனுப்பியிருக்கேன்.

ரெண்டு தடவை கழுவி, ஒவ்வொண்ணயும் டிஷ்யூ மேல தட்டிப் பாத்தேன். கறை விழல. திருப்பி அடுக்கறதுலதான் பொழுது போச்சு. நாலு பிளேடு தானா உக்காரும், அஞ்சாவது முதல் பிளேடுக்கு அடியில நுழையணும். நுழைக்கும்போது மூணாவது எந்திரிச்சுக்கும். பதினொரு தடவை. பன்னெண்டாவது தடவை உக்காந்துச்சு. கை நடுங்கல. நான் பயந்தது கைய, கை நல்லாத்தான் இருந்திருக்கு.

கியர் முனைக்கு மட்டும் கடிகார எண்ணெய், ஊசி நுனியில தொட்டு. நங்கூரத்துக்கு எதுவும் இல்ல. பிளேடுக்கு எதுவும் இல்ல.

ஜூலை 6, ஞாயிறு

காலை 6.10. முதல் க்ளிக் 8.3. ரெண்டாவது 8.2.

ஜூலை 7

8.3.

ஜூலை 8, செவ்வாய்

1/500ம் பாத்துட்டேன், 2.4, இந்த வயசு காம்பூருக்கு இதுக்கு மேல கேக்கக்கூடாது. தம்பி வந்தாப்ல. ரெண்டு விஷயம் சொன்னேன், 1/500 வைக்கறதா இருந்தா லிவர இழுக்கறதுக்கு முன்னாடியே வச்சுரணும், இழுத்த பிறகு திருப்பக்கூடாது, அதுக்குத் தனியா ஒரு ஸ்ப்ரிங் ஏறணும். செல்ஃப் டைமரத் தொடாதீங்க. அப்புறம் மூணாவதா, போன மாசம் ரெடின்னு ஃபோன்ல சொன்னேன்ல, அப்ப ரெடியா இல்ல தம்பின்னும் சொன்னேன். அவருக்குப் புரியல. சரிங்க சார்னு தலையாட்டினாப்ல.

ஒரு செகண்ட் வச்சு காதுல வச்சுக் கேக்கச் சொன்னேன். சிரிச்சாப்ல. தாத்தா கடையில இந்தச் சத்தம் கேட்டிருக்கேன் சார்.

ஜூலை 9

இடது கண்ணுக்கு ஆகஸ்ட்.

ஜூலை 10, வியாழன்

நாகர்கோவில் பார்சல் வந்துருச்சு. பழைய சேலைத் துணியில சுத்தி அனுப்பியிருக்காங்க. தொடல. காலையில முதல் க்ளிக்க அளந்துட்டுதான் பிரிக்கணும்.